ஓட்டைப் படகுக்கு முழுக் காப்பீடு

எங்கள் படகுத்துறையில் தன் படகை நல்ல படகு என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. நேற்றுத்தான் வண்ணம் அடித்து, புது எஞ்சின் மாட்டித் தண்ணீரில் இறக்கியிருப்பான். “என்னப்பா, படகு ஜோரா இருக்கே” என்று கேட்டால், “அட போங்க, ஓட்டைப் படகு, ஏதோ ஓடுது” என்பான். கேட்டவனும் அதை நம்பமாட்டான், சொன்னவனும் நம்பவேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டான். பெருமை பேசினால் கண் பட்டுவிடும் என்பது ஒரு பயம். நன்றாக ஓடுகிறது என்று சொன்ன மறுநாளே எஞ்சின் நடுத்தண்ணீரில் நின்றுபோனால் துறையே சிரிக்கும் என்பது அதைவிடப் பெரிய பயம். இந்தப் பழக்கம் படகோடு நிற்பதில்லை. கட்டிய வீடு, பெற்ற பிள்ளை, கட்டிக்கொண்ட மனைவி எல்லாமே ‘ஏதோ இருக்கு’ கணக்குத்தான்.

நான் இங்கே படகுகளுக்கு மேல்துணியும் இருக்கை உறையும் தைக்கிறவன். என் தையல் மெஷின் இருக்கும் கொட்டகைக்கு அடுத்தது கேப்டனின் படகுக் கொட்டகை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். இங்கே ஊசி உடைந்தால் அங்கே கேட்கும், ஏனென்றால் நான் சத்தமாகத் திட்டுவேன்.

கேப்டன் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்தவரில்லை. முதல் படகு வாங்கிய நாளில் ஆசையாக ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார். தொப்பி முதல் பயணத்திலேயே காற்றோடு போய்விட்டது, பட்டம் மட்டும் தலையிலேயே தங்கிவிட்டது. இப்போதிருப்பது பன்னிரண்டு பேர் உட்காரும் ஃபைபர் படகு. துறையிலிருந்து மேற்கே கலங்கரை விளக்கத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். டிக்கெட் கிழிப்பது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, பெட்ரோல் ஊற்றுவது, சாயங்காலம் படகைக் கழுவிக் கயிறு கட்டுவது எல்லாம் அவர் மனைவி. துறைக்கே அவர் அக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருக்கக்கூடும், ஆனாலும் அக்காதான். நானும் ஆட்சேபித்ததில்லை.

அடுத்த வாரம் சீசன் தொடங்குகிறது. இந்த முறை துறை அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இன்சூரன்ஸ் இல்லாத படகு கயிற்றை அவிழ்க்கக்கூடாது. மற்றவர்கள் இருப்பதிலேயே மலிவானதாக ஒன்றை வாங்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அக்காவால் அப்படிப் போகமுடியவில்லை. காரணம் பஞ்சுமிட்டாய்.

பஞ்சுமிட்டாய் என்பது ஆளின் பெயர். இளஞ்சிவப்பில் படகுக்கு வண்ணம் அடித்ததால் வந்த பெயர். போன வருஷம் ஒரு மத்தியானம், கட்டிப்போட்டிருந்த அந்தப் படகில் ஒயர் உரசித் தீப்பிடித்து, நாங்கள் வாளியோடு ஓடுவதற்குள் பாதி எரிந்து மூழ்கிவிட்டது. அவரிடம் இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் அது அவர் படகு அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு மட்டும். சொந்தப் படகுக்கு ஒன்றுமில்லை. அது போதாதென்று, வழியில் கிடக்கிற எரிந்த படகை நீயே தூக்கிப் போடு என்று அதற்கும் செலவு வைத்தார்கள். மனிதர் இப்போது யாருடைய கிடங்கிலோ மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவுக்கு இன்சூரன்ஸ் பைத்தியம் என்று துறையில் கேலி பேசுவார்கள். எனக்கு அது பைத்தியமாகத் தோன்றவில்லை. அக்கா குடும்பத்துக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. சோறும் சேமிப்பும் எல்லாம் அந்தப் படகுதான்.

இந்த நேரத்தில்தான் கேப்டன் முந்திக்கொண்டு ஒரு காரியம் செய்தார். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் உயர்ந்தபோது நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

“யாரைக் கேட்டு அவருக்குப் போன் போட்டீங்க?”

“யாரைக் கேக்கணும்? நம்ம சம்பந்தி. இத்தனை வருஷமா இன்சூரன்ஸ்லயே இருக்காரு. அவரை விட்டுட்டு வெளியில எவன்கிட்டயோ போனா, நாளைக்கு நம்ம பொண்ணை அந்த வீட்ல ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்களா?”

“அதனாலதான் சொல்றேன். வெளியாளுன்னா நாலு கேள்வி கேக்கலாம். சரியில்லைன்னா போய்ட்டு வாங்கன்னு அனுப்பலாம். சம்பந்தியை எப்படி அனுப்பறது? சாப்பாடு போட்டுல்ல அனுப்பணும்.”

“ஏன் அனுப்பணும்? அவரு குடுக்கறதை வாங்கிக்குவோம்.”

“இதென்ன விருந்தா, வைக்கறதைச் சாப்பிட்டுட்டு எழுந்திருக்க?”

“கொஞ்சம் மெதுவாப் பேசு. பக்கத்துல டெய்லர் இருக்கான்.”

“அவன் மெஷினை நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு. தம்பி, கேட்டது போதும், தைங்க.”

நான் தைத்தேன்.

மகளிடமும் அக்கா போனில் பேசினார். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. “மாமா ரொம்ப நல்லவரும்மா. ஆனா யாராவது மறுத்துப் பேசினா முகம் சுருங்கிடும். பாத்துப் பேசு” என்றாளாம். பார்த்துப் பேசுவது அக்காவுக்கு வரும். பேசாமல் இருப்பதுதான் வராது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துறையில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சொல்லாத விஷயம் அது. ஒரு வருஷமாகக் கேப்டனுக்குப் பிற்பகல் வெயிலில் கண் தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் திரை படர்கிறது, அறுவை செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். சீசன் முடியட்டும் என்று இவர் சொன்னார். சீசன் முடிந்தது, அடுத்த சீசன் முடியட்டும் என்றார். பிற்பகலில் தீவுக்குப் போனால் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும், தண்ணீரெல்லாம் கண்ணாடித் துண்டாக மின்னும். அதனால் மத்தியானத்துக்கு மேல் ஸ்டியரிங்கில் அக்கா. கேப்டன் பின்னால் உட்கார்ந்து, பயணிகளைக் கவனிக்கிற மாதிரி ஏதாவது ஒரு குழந்தையைப் பிடித்து வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அக்காவிடம் முறையான லைசென்ஸ் இருக்கிறது. அவரோடு சேர்ந்து விளையாட்டுக்குப் பரீட்சை எழுதி வாங்கியது, விடாமல் புதுப்பித்தும் வருகிறார். யாராவது, “அக்கா நல்லா ஓட்டறாங்களே” என்றால் கேப்டன், “ஏதோ சக்கரத்தைப் பிடிப்பா. எனக்குக் கொஞ்சம் காலை நீட்டணும்” என்பார். நாங்களும் காலைத்தான் பார்ப்போம், கண்ணைப் பார்க்கமாட்டோம்.

சம்பந்தி காலையில் வந்தார். பளபளவென்று ஷூ, தோல்பை, மூக்குக்கண்ணாடி. படகைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதும் அவர் பொறுப்புத்தானாம். அக்கா முதல் வார்த்தையே, “வாங்கண்ணே, ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க, வழுக்கும்” என்றார். சம்பந்தி காலுறையோடு ஏறி, ஈரத்தில் காலை வைத்து, காலுறையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு நிற்கிற ஆபீசரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மேல்துணிக்கு அளவெடுக்கிற சாக்கில் நானும் அங்கேயே நின்றேன்.

“படகு எப்படி சம்பந்தி, நல்ல நிலைமையில இருக்கா?”

“நல்ல நிலைமையா? அட நீங்க வேற. ஓட்டைப் படகு. தண்ணி உள்ள வரும், நாங்க வெளிய ஊத்துவோம். அது பாட்டுக்கு ஓடுது.”

சம்பந்தி எழுதினார்.

“எஞ்சின்?”

“அது கிடக்கு, பழசு. இருமிக்கிட்டே ஓடும்.”

அதையும் எழுதினார்.

“அடிப்பக்கம்?”

“அடிப்பக்கத்தைப் பத்திக் கேக்காதீங்க. ஒட்டுப் போட்டே காலம் போயிடுச்சு.”

சம்பந்தி பரிதாபமாகத் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எங்கள் துறையின் பேச்சு அவருக்கு எப்படித் தெரியும்? கேப்டனோ வாய்ப்பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தார். பம்ப் சரியில்லை என்றார், நங்கூரம் சும்மா பேருக்கு என்றார். டீயோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

“என்னண்ணே எழுதறீங்க?”

“சம்பந்தி சொல்றதைத்தான் தங்கச்சி. தண்ணி உள்ள வருது, எஞ்சின் பழசு, அடியில ஒட்டு…”

“அய்யோ, அதையெல்லாம் அடிங்க. உள்ள வர்றது மழைத்தண்ணி. எஞ்சின் போன சீசனுக்கு முந்தி வாங்கினது. வருஷா வருஷம் படகைக் கரையேத்திச் சுரண்டி வண்ணம் அடிக்கறோம். அடியில ஒட்டு எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க பாப்போம்.”

சம்பந்தி பேனாவை நிறுத்தினார். “இப்ப நான் சம்பந்தி சொல்றதை எழுதறதா, தங்கச்சி சொல்றதை எழுதறதா?”

இருவரும் கேப்டனைப் பார்த்தார்கள். ‘என் படகு நல்ல படகு’ என்று நாலே வார்த்தை சொன்னால் போதும். கேப்டனோ, “அவ படகை விட்டுக்குடுக்க மாட்டா சம்பந்தி. பொம்பளைங்க அப்படித்தான்” என்று சிரித்து மழுப்பினார். அக்கா டீயைக் கையில் கொடுத்த வேகத்தில் பாதி தட்டில் இருந்தது.

சாப்பாட்டின்போதுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. படகுக் கொட்டகையிலேயே, கயிற்றுச் சுருளையும் பழைய டயரையும் ஒதுக்கிவிட்டு மேஜை மாதிரி ஒரு பலகை போட்டிருந்தார்கள். சோறு, வறுத்த மீன், வெங்காயம். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அக்கா நினைத்திருக்கலாம்.

சம்பந்தி உறவுக்காரர் என்ற பாசத்தோடு, செலவு குறைவான ஒன்றை எடுத்து வைத்தார். “சொந்த உபயோகப் படகுன்னு போட்டுட்டா பாதிக்குப் பாதி குறையும்.”

“நாம டிக்கெட் குடுத்து ஆள் ஏத்தறோமேண்ணே. ஏறும்போது ஒருத்தர் விழுந்து கால் முறிஞ்சா?”

“அப்ப… டிக்கெட் வாங்கினது தெரிஞ்சா குடுக்கமாட்டாங்க.”

“அப்ப அது நமக்கு எதுக்கு?”

கேப்டன் பலகைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தார். அதற்குப் பதில் அவருக்கே ஒரு மிதி கிடைத்ததை நான் பார்த்தேன். அக்கா நிறுத்தவில்லை.

“நடுவழியில யாரு படகாவது நின்னுபோனா, அந்தப் பக்கமா வர்றவங்க கயிறு போட்டு இழுத்துட்டு வருவோம். இங்க அது வழக்கம். அப்படி இழுக்கும்போது ஏதாவது ஆனா?”

“சாதாரணமா அது சேராது. ஆனா தனியா சேத்துக்கலாம்.”

“சேத்துடுங்க. பஞ்சுமிட்டாய்க்கு ஆன மாதிரி படகு மூழ்கினா, அதைத் தூக்கற செலவு?”

“அதையும் கேட்டுத்தான் சேக்கணும்.”

“கேக்கறேன், சேருங்க. மழைக்காலத்துல கரையில ஏத்தி வெச்சிருக்கும்போது எஞ்சினை மட்டும் எவனாவது கழட்டிட்டுப் போனா? தீவுக்கு அந்தாண்ட போனா செல்லுமா, இல்ல தீவோட நின்னுடுமா?”

சம்பந்தி மீனை வைத்துவிட்டார். மகள் சொன்ன முகச்சுருக்கம் இதோ வருகிறது என்று நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வந்தது வேறு. “தங்கச்சி, இத்தனை வருஷத்துல என்கிட்ட இவ்வளவு கேட்டவங்க யாருமில்ல” என்றார். “கையெழுத்து எங்க போடணும்னு கேப்பாங்க, போட்டுட்டுப் போயிடுவாங்க. நஷ்டம் வந்தப்புறம் வந்து என் சட்டையைப் பிடிப்பாங்க. நீங்க இப்பவே பிடிக்கறீங்க. இது நல்லதுதான். இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்.”

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கேப்டனுக்கும் மூச்சு வந்தது. அடுத்த அரைமணி நேரம் அண்ணனும் தங்கச்சியும் ஒரே கட்சியாகி, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பேசினார்கள். கேப்டனும் நானும் முள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

“படகோட மதிப்புல ரெண்டு விதம் இருக்கு” என்றார் சம்பந்தி. “ஒண்ணு, நஷ்டம் வந்த அன்னிக்கு என்ன விலையோ அது. வருஷா வருஷம் தேய்மானம்னு கழிச்சுக்கிட்டே வருவாங்க. இன்னொண்ணு, இன்னிக்கே உக்காந்து இந்தப் படகு இவ்வளவுன்னு பேசி முடிச்சுடறது. முழுசாப் போச்சுன்னா பேசினது அப்படியே வரும். ஆனா நான் இப்ப எழுதி வெச்சிருக்கற லட்சணத்துக்கு ரெண்டாவதைக் குடுக்கமாட்டாங்க. ஓட்டை, இருமல், ஒட்டு.”

“அது கிடக்கட்டும், நான் பாத்துக்கறேன். அடுத்தது சொல்லுங்க.”

“அடுத்தது ஓட்டறவர் பேரு. ஒரு பேரு போட்டா செலவு குறைவு. ஆனா ஒண்ணு, அந்தப் பேருக்காரர் ஓட்டும்போது நடந்தாத்தான் செல்லும். வேற ஆள் ஓட்டும்போது நடந்தா கம்பெனி கையை விரிச்சுடும். நம்ம சம்பந்திதானே ஓட்டறது?”

“நான்தான்” என்றார் கேப்டன். “வேற யாரு?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் ஒன்றுக்கு நான்கு கேள்வி கேட்டவர், கரண்டியை எடுத்துச் சோற்றுப் பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். பாத்திரத்தில் ஒன்றுமில்லை. படகுக்கும் எஞ்சினுக்கும் மூழ்கிய குப்பைக்கும் வாதாடுகிற வாய், இதற்கு மட்டும் திறக்காது. மகளைக் கொடுத்த வீட்டுக்காரர் எதிரில் புருஷன் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்க அவருக்கு மனசு வராது. ஆனால் அந்த ஒரு வரி தப்பாகப் போனால், தினமும் மத்தியானத்துக்கு மேல் அந்தப் படகுக்குக் காப்பீடே இல்லை என்று ஆகிவிடும். மற்றதெல்லாம் சேர்த்தும் பிரயோஜனமில்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ‘நான்தான்’ என்று சொன்னவருக்கும் தெரியும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “பேசினது போதும். படகுல ஏறுங்கண்ணே. தீவு வரைக்கும் போய்ட்டு வந்து, கண்ணால பாத்ததை எழுதுங்க.”

நல்ல யோசனைதான். ஆனால் சாப்பிட்டு முடிக்கும்போதே மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டதை நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். அக்கா ஸ்டியரிங் பக்கம் ஒரு அடி வைத்தார். அதற்குள் கேப்டன் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு கனைப்புக்கூட இல்லாமல் பிடித்தது. சம்பந்தி காதைக் கொடுத்துக் கேட்டு, “இருமலைக் காணோமே” என்றார். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. படகு வேகமெடுத்து மூக்கைத் தூக்கியபோது மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். கண்ணாடியெல்லாம் உப்புத்தண்ணீர். நான் மேல்துணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அளவெடுப்பதாகப் பேர் பண்ணினேன்.

தீவுக்கு முன்னால் இரண்டு மணல்திட்டு இருக்கிறது. நடுவில் ஆழமான வழி ஒன்று, இரண்டு பக்கமும் கம்பம் நட்டிருக்கும். அந்த இடத்துக்கு வரும்போது வெயில் தண்ணீர் மேல் அடித்து எனக்கே கண் கூசியது. கேப்டன் கண்ணைச் சுருக்கினார், பிறகு இன்னும் சுருக்கினார். அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றார். நிற்கிறவர் எதையோ சாதாரணமாகப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

“கொஞ்சம் இடது. ம். அப்படியே. வலது கம்பம் வந்துடுச்சு. கொஞ்சம் இடது.”

கேப்டன் அவர் சொன்னபடி திருப்பினார். குரலை வைத்தே ஓட்டினார். அது எத்தனை நாளைய பழக்கமோ, இரண்டு பேருக்கும் அது பிசகவில்லை. பிசகு வெளியிலிருந்து வந்தது. இடது திட்டின் ஓரத்தில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு ஆள் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தான். மின்னுகிற தண்ணீருக்குள் தலை குனிந்த ஆளை நானே கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தேன். கேப்டன் அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா கத்தவில்லை. அவர் கையின் மேல் தன் கையை வைத்து வேகத்தை ஒரே இழுப்பில் குறைத்தார். “விடுங்க” என்றார். கேப்டன் அந்த நொடியே விட்டார். படகு வலதுபக்கம் சாய்ந்து திரும்பி, ஆள் நின்ற இடத்துக்கு நன்றாகத் தள்ளியே நின்றது. அலை போய் அவன் மார்பில் அடித்தது. அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, என்னவோ சொல்லிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தான். கேப்டன் எழுந்து பின்னால் வந்து உட்கார்ந்தார்.

அங்கிருந்து அக்காதான் ஓட்டினார். கம்பங்களுக்கு நடுவே ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கொண்டுபோய், தீவைச் சுற்றி, திரும்ப எடுத்துவந்து துறையில் படகை அலுங்காமல் அணைத்தார். சம்பந்தி வழியெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு அதில் தண்ணீர் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

கரையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர் காலையில் எழுதியதையெல்லாம் கோடு போட்டு அடித்தார். “படகு தங்கம். ஒத்துக்கிட்ட மதிப்பே போட்டுடலாம். எஞ்சின் புதுசு, அடி சுத்தம், பம்ப் ஓடுது. இழுக்கறது, மூழ்கினதைத் தூக்கறது, கரையில திருட்டு, பயணிகள், எல்லாம் சேத்தாச்சு.” பிறகு பேனா ஒரு இடத்தில் வந்து நின்றது. அவர் கேப்டனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

“ஓட்டறவர் பேரு… மத்தியானம் சொன்னதே இருக்கட்டுமா சம்பந்தி?”

நல்ல மனிதர். கண்ணால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி ஒரு வழியைத் திறந்து வைத்தார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கேப்டனின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கப்போவதில்லை.

“இல்ல” என்றார் கேப்டன். “என் பேரை அடிச்சிடுங்க.”

அக்காவின் கை நின்றது.

“எனக்கு மத்தியானத்துக்கு மேல கண்ணு தெரியறதில்ல சம்பந்தி. ஒரு வருஷமா இப்படித்தான். நீங்களே பாத்தீங்க. அந்த ஆளு தப்பிச்சது அவளால. அவ பேரைப் போடுங்க.” பிறகு அவர் அக்காவின் பெயரைச் சொன்னார். அடுத்த கொட்டகையில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. ‘இந்தா’, ‘ஏய்’, ‘உன்னத்தான்’, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

சம்பந்தி எழுதிவிட்டு, தொழில்முறைக் குரலில் கேட்டார். “நல்லா ஓட்டுவாங்களா? கேட்டு எழுதணும், தப்பா நினைக்காதீங்க.”

கேப்டனின் வாய் பழக்கப்படி, “ஏதோ…” என்று தொடங்கியது. நிறுத்திக்கொண்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இந்தத் துறையில அவளை மாதிரி ஓட்டறவங்க கிடையாது” என்றார். “என்னையும் சேத்துத்தான் சொல்றேன். இதைச் சொல்லக்கூடாதுன்னு இல்ல, சொல்லிப் பழக்கமில்ல.”

அக்கா திரும்பினார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. கையில் ஒரு லைஃப் ஜாக்கெட்டோடு வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

“அண்ணே, கீழ இவரு பேரையும் போடுங்க. ரெண்டு பேரா இருக்கட்டும்.”

“ரெண்டு பேருன்னா கொஞ்சம் கூடும் தங்கச்சி.”

“கூடட்டும். காலையில போற பயணமெல்லாம் இவருதான் ஓட்டுவாரு. போகும்போது வெயிலு முதுகுக்குப் பின்னால இருக்கும், திரும்பறதுக்குள்ள உச்சிக்கு ஏறிடும், தெளிவாத் தெரியும். வர்ற மாசம் கண்ணைச் சரி பண்ணிட்டா மத்தியானமும் ஓட்டலாம். சீசன் முடியட்டும்னு இனிமே சொன்னா நான் கேக்கப்போறதில்ல.” மூச்சை இழுத்துக்கொண்டார். “இவரு எப்படி ஓட்டுவாருன்னும் கேட்டு எழுதணும் இல்ல?”

“ஆமா, கேக்கணும்.”

“இவரு ஓட்டினா நான் பின்னால சாஞ்சு தூங்கிடுவேன். வேற எவன் ஓட்டினாலும் தண்ணியில எனக்குக் கண்ணு மூடாது.”

சம்பந்தி தாளை மேலும் கீழும் பார்த்தார். “இதை எழுத இதுல இடமில்லையே தங்கச்சி.”

“எழுத வேண்டாம் சம்பந்தி” என்றார் கேப்டன். “நான் கேட்டுட்டேன்.”